நடைபாதைக்கு ஓட்டுக் கேட்டவர்

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் என்ரிக்கே பெனலோசா மேயர் பதவிக்காக ஐந்து முறை மக்கள் முன் நின்றார். 1997-இலும் 2015-இலும் வென்றார். 1994, 2007, 2011 ஆகிய மூன்று தேர்தல்களில் தோற்றார். ஐந்திலும் அவர் விற்றது ஏறக்குறைய ஒரே சரக்கு: அகலமான நடைபாதை, பூங்கா, நூலகம், மிதிவண்டிப் பாதை, தனித்தடத்தில் ஓடும் பேருந்து, முன்கூட்டியே திட்டமிட்ட குடியிருப்பு. ஏழை நாட்டு நகரம் ஒன்று பணக்கார நாடுகளின் வருமானத்தை எட்டிப் பிடிக்கப் பல தலைமுறை ஆகலாம்; ஆனால் அங்கே வாழ்கிறவர்கள் நிம்மதியாக நடக்கவும், மர நிழலில் உட்காரவும், புத்தகம் எடுத்துப் படிக்கவும், மூச்சுத் திணறாமல் வேலைக்குப் போய்வரவும் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே அவர் பிரசாரத்தின் சாரம். உள்ளாட்சித் தேர்தலில் வாழ்க்கைத் தரத்தையே வாக்குறுதியாக வைக்கும் வேட்பாளருக்கு என்ன நேரும் என்பதைப் பார்க்க இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. ஆளும் மாறவில்லை, ஊரும் மாறவில்லை, கொள்கையும் பெரிதாக மாறவில்லை. முடிவுதான் மாறிக்கொண்டே இருந்தது.

பொகோட்டா கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,600 மீட்டர் உயரத்தில், ஆண்டிஸ் மலைத்தொடரின் மேட்டுச் சமவெளியில் அமைந்த நகரம். 1990களின் இறுதியில் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 60 லட்சம். இன்று 80 லட்சத்தை ஒட்டி இருக்கிறது. உள்நாட்டுப் போரால் கிராமங்களை விட்டு ஓடிவந்தவர்கள் தெற்கிலும் மேற்கிலும் குடியேறினார்கள். சியுதாத் பொலிவார், உஸ்மே, போசா போன்ற பகுதிகளின் பெரும் பரப்பு, அனுமதி பெறாமல் மனை பிரித்து விற்றவர்கள் உருவாக்கியது. அவர்களை அங்கே ‘கொள்ளைக்கார மனைத் தரகர்கள்’ என்றே மக்கள் அழைக்கிறார்கள். சாலைக்கும் சாக்கடைக்கும் பள்ளிக்கும் இடம் விடாமல் மனை விற்றுவிட்டுத் தரகர் போய்விடுவார். குழாயும் வடிகாலும் கேட்டு மக்கள் பத்திருபது ஆண்டுகள் நகராட்சி வாசலில் நிற்பார்கள். அப்ரூவல் இல்லாத மனை வாங்கிய எவருக்கும் இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. வடக்கே வசதியானவர்கள். மின்சாரம், தண்ணீர்க் கட்டணங்களுக்காக நகரத்தின் ஒவ்வொரு வீட்டுப் பகுதிக்கும் 1 முதல் 6 வரை ஒரு படிநிலை எண் உண்டு. ஒருவர் எந்த எண்ணில் வசிக்கிறார் என்பதைக் கேட்டாலே அவருடைய வாழ்க்கையைப் பாதி ஊகித்துவிடலாம்.

தேர்தல் அறிக்கைக்குச் சட்ட பலம்

கொலம்பியர்கள் தங்கள் மேயர்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கத் தொடங்கியது 1988-இல்தான். அதுவரை பொகோட்டாவின் மேயரைக் குடியரசுத் தலைவர் நியமித்தார். மக்கள் வாக்கால் முதலில் அந்த நாற்காலிக்கு வந்த ஆந்த்ரேஸ் பாஸ்த்ரானா பத்தாண்டு கழித்து நாட்டின் குடியரசுத் தலைவரானார். பொகோட்டா மேயர் பதவி மேலே ஏறுவதற்கான படி என்ற நினைப்பு அப்போதே ஒட்டிக்கொண்டது.

1991-இல் வந்த புதிய அரசியல் சாசனம் இன்னொரு புதுமையைச் சேர்த்தது. மேயர் பதவிக்கு நிற்பவர் வேட்புமனுவோடு தம் ஆட்சித் திட்டத்தையும் எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும். வென்றால் அது வெறும் அறிக்கை அல்ல, வாக்காளர் இட்ட கட்டளை. பதவியேற்ற பின் நகர மன்றத்தில் நிறைவேற்றும் வளர்ச்சித் திட்டம் அந்த அறிக்கையிலிருந்துதான் எழ வேண்டும். சொன்னதைச் செய்யாதவரைத் திரும்ப அழைக்க, ஓராண்டு கழிந்தபின் கையெழுத்துத் திரட்டி வாக்கெடுப்புக் கோரலாம். 1994-இல் இதற்கான சட்டங்கள் இயற்றப்பட்டன. எழுத்தில் கூராக இருந்த இந்த ஏற்பாடு நடைமுறையில் மழுங்கித்தான் கிடந்தது. திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பால் ஒரு மேயர் உண்மையிலேயே வீட்டுக்குப் போனது 2018-இல், பொயாக்கா மாநிலத்தின் டாஸ்கோ என்னும் சிற்றூரில். நாட்டிலேயே அதுதான் முதல் முறை.

பதவிக்காலம் அப்போது மூன்றே ஆண்டுகள். 2004 முதல் நான்கு. தொடர்ச்சியாக இரண்டாம் முறை நிற்க முடியாது. இந்த விதியின் விளைவு பெரிது. ஒரு பூங்காவோ பேருந்துத் தடமோ முடிவதற்குள் அதைத் தொடங்கியவர் போய்விடுவார். தோண்டிய குழிக்கான திட்டு அவருக்கு, திறப்பு விழாவுக்கான கைதட்டல் அடுத்தவருக்கு.

பொகோட்டாவுக்கென 1993-இல் தனிச் சட்டம் ஒன்றும் வந்தது. அன்றைய மேயர் ஹைமே காஸ்ட்ரோ அதைக் கொண்டு, சொத்தின் மதிப்பை உரிமையாளரே அறிவித்து வரி கட்டும் முறையைப் புகுத்தினார். திவாலாகும் நிலையிலிருந்த நகரத்தின் வருவாய் வேகமாக உயர்ந்தது. பின்னால் வந்தவர்கள் கட்டிய எல்லாவற்றுக்கும் அடித்தளம் இந்தப் பணம். வரிச் சீர்திருத்தம் செய்தவரை வாக்காளர்கள் நன்றியோடு நினைப்பதில்லை. காஸ்ட்ரோ பதவியில் இருந்தபோது மக்களிடம் செல்வாக்கில்லாதவராகவே இருந்தார்.

நகரம் இருபது வட்டாரங்களாக வகுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மக்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு உண்டு; நகர வருவாயில் குறைந்தது 10% இந்த வட்டாரங்களுக்குப் போக வேண்டும். ஆனால் வட்டார மேயரைக் குழு தரும் பட்டியலிலிருந்து நகர மேயர்தான் நியமிக்கிறார். அதற்கும் கீழே, 1958 முதல் சட்ட அங்கீகாரத்தோடு இயங்கும் அக்கம்பக்கச் சமூகச் சங்கங்கள் இருக்கின்றன. தெருவிளக்கு, படிக்கட்டு, சமூகக் கூடம் என்று அன்றாடம் அலைகிறவர்கள் இவர்கள். நகரத் திட்டமிடல் மேலிருந்து வருவதா, கீழிருந்து எழுவதா என்ற சண்டைக்கு இந்த அடுக்குகளே களம்.

1994, 1997

பெனலோசா 1954-இல் பிறந்தவர். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் பொருளியலும் வரலாறும் படித்தவர். தந்தையும் இதே பெயருடையவர். 1976-இல் கனடாவின் வான்கூவரில் ஐ.நா. நடத்திய முதல் மனிதக் குடியிருப்பு மாநாட்டுக்குப் பொதுச் செயலாளராக இருந்தார். நகரம் எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சு அந்த வீட்டில் புதிதல்ல. தம்பி கியேர்மோ, 1990களின் நடுவில் நகரப் பூங்காத் துறைக்குத் தலைமை வகித்து, ஞாயிறுதோறும் சாலைகளை மிதிவண்டிக்கும் நடப்பவர்க்கும் திறந்துவிடும் ‘சிக்லோவியா’வை விரிவாக்கினார். அந்த வழக்கம் 1974-இலேயே தொடங்கியது.

1994 தேர்தலில் பெனலோசா லிபரல் கட்சியின் வேட்பாளர். எதிரே கட்சியே இல்லாத ஒரு கணிதப் பேராசிரியர், அந்தானாஸ் மோக்குஸ். தேசியப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது, கூச்சலிட்ட மாணவர்கள் முன் கால்சட்டையைக் கழற்றிப் பின்புறத்தைக் காட்டியதால் நாடெங்கும் பேர் பரவியவர். பெனலோசா திட்டங்களை அடுக்கினார். மோக்குஸ் பழைய அரசியல்வாதி அல்லாதவராக இருந்தார், அதுவே போதுமானதாக இருந்தது. மோக்குஸ் பெரிய வித்தியாசத்தில் வென்றார். சாலை விதி மீறுகிறவர்களைக் கேலி செய்ய ஊமைக்கூத்துக் கலைஞர்களைத் தெருவில் நிறுத்திய அவர் ஆட்சி, நகரவாசிகளின் நடத்தையே மாற்றக்கூடியதுதான் என்று காட்டியது. பெனலோசாவின் கான்கிரீட்டுக்கு நிலம் பண்படுத்தியவர் அவரைத் தோற்கடித்தவரே என்று சொன்னால் மிகையாகாது.

1997-இல் பெனலோசா கட்சி முத்திரையைக் கழற்றிவிட்டுச் சுயேச்சையாக நின்று, கார்லோஸ் மொரேனோ தே காரோவை வென்றார். ‘நாம் விரும்பும் பொகோட்டாவுக்காக’ என்பது அவருடைய வளர்ச்சித் திட்டத்தின் பெயர். கையில் பணமும் இருந்தது. நகர மின் நிறுவனத்தில் தனியார் முதலீட்டைச் சேர்த்ததால் முந்தைய ஆட்சிக் காலத்தில் திரண்ட தொகை, எரிபொருள் மீதான கூடுதல் வரி, காஸ்ட்ரோ விட்டுச்சென்ற சொத்து வரி ஆகியவை அவருக்குக் கைகொடுத்தன. வாழ்க்கைத் தரம் பேசும் வேட்பாளர்கள் பலர் வென்றபின் வெறும் கஜானாவைப் பார்த்துத் திகைப்பதுண்டு. இவருக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை.

முதலில் நடைபாதை

அன்றைய பொகோட்டாவில் நடைபாதைகள் கார் நிறுத்துமிடங்களாக இருந்தன. கடைக்காரர்கள் தங்கள் வாசலுக்கு எதிரே உள்ள இடம் தங்கள் வாடிக்கையாளரின் காருக்கு உரியது என்றே நம்பினார்கள். பெனலோசா நடைபாதைகளை உயர்த்தி, அகலப்படுத்தி, கார் ஏற முடியாதபடி தடுப்புக் கட்டைகளை நட்டார். 1998 ஆகஸ்டில், பதிவெண்ணின் கடைசி இலக்கத்தைக் கொண்டு, நெரிசல் நேரத்தில் தனியார் கார்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தைத் தெருவுக்கு வரவிடாத ‘பீக்கோ இ பிளாக்கா’ விதி வந்தது.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. நன்மை யாருக்கு, நட்டம் யாருக்கு என்பதைக் கவனித்தால் காரணம் புரியும். நடைபாதையால் பலன் பெறுகிறவர் லட்சக்கணக்கானோர். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சிறிய பலன், அதுவும் வேலை முடிந்த பிறகு. கார் நிறுத்தும் இடத்தை இழக்கிறவர் சில ஆயிரம் பேர். இழப்பு இன்றே, கண் முன்னாலேயே. அவர்களுக்குச் சங்கம் உண்டு, பத்திரிகையாளர் நண்பர்கள் உண்டு, நகர மன்றத்தில் குரல் உண்டு. 1999-இல் பெனலோசாவைத் திரும்ப அழைக்கக் கையெழுத்து இயக்கம் நடந்தது. அவருடைய செல்வாக்கு அதலபாதாளத்தில் இருந்த காலம் அது. போதாக்குறைக்கு நாடே கடும் பொருளாதாரச் சரிவில் சிக்கியிருந்தது. கையெழுத்து இயக்கம் வாக்கெடுப்பு வரை போகவில்லை. போயிருந்தால் உலகம் இன்று மேற்கோள் காட்டும் ‘பொகோட்டா மாதிரி’ நடைபாதைக் கட்டைகளோடு நின்றிருக்கும்.

அடுத்த ஆண்டு காற்று திசை மாறியது. 2000 பிப்ரவரி 24, வியாழக்கிழமை, வேலை நாளிலேயே நகரம் முழுக்கத் தனியார் கார்கள் இல்லாத நாள் கடைப்பிடிக்கப்பட்டது. மக்கள் பேருந்திலும் மிதிவண்டியிலும் வேலைக்குப் போனார்கள், நகரம் முடங்கவில்லை. அந்த அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தலோடு சேர்த்து நடந்த பொது வாக்கெடுப்பில், ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் வியாழனை அப்படிக் கடைப்பிடிக்கப் பெரும்பான்மையோர் ஒப்புதல் தந்தார்கள். அது இன்றும் நடக்கிறது. நெரிசல் நேரங்களில் தனியார் கார்களை 2015 முதல் அறவே தடைசெய்யலாமா என்ற இரண்டாவது கேள்வியும் அதே வாக்குச்சீட்டில் இருந்தது. அந்தத் தடை நடைமுறைக்கு வரவில்லை.

2000 டிசம்பரில், பதவிக்காலம் முடிய இரண்டே வாரம் இருக்கையில், டிரான்ஸ்மிலேனியோ பேருந்துகள் ஓடத் தொடங்கின. சாலையின் நடுவில் பேருந்துக்கு மட்டும் தடம், உயர்ந்த மேடையுள்ள நிறுத்தம், ஏறும் முன்பே கட்டணம், ரயில் பெட்டிபோல் இரண்டு உடல் இணைந்த நீண்ட வண்டி. பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1970களில் தொடங்கியதை இன்னும் பெரிய அளவில் செய்தது பொகோட்டா. தொழில்நுட்பத்தைவிட முக்கியமானது ஒப்பந்தம். அதுவரை பேருந்து ஓட்டுநரின் வருமானம் அவர் ஏற்றும் ஆட்களைப் பொறுத்தது. ஆகவே ஒரே வழித்தடத்தில் வண்டிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறந்தன. ‘சில்லறைக் காசுப் போர்’ என்று இதற்கு ஊரில் பெயர். புதிய முறையில் தனியார் நிறுவனங்களே வண்டி ஓட்டின, ஆனால் ஓடிய கிலோமீட்டருக்குக் கூலி. தடத்தில் முந்த வேண்டிய அவசியமே போயிற்று. நகருக்கு மேம்பால விரைவுச்சாலைகளைப் பரிந்துரைத்த ஜப்பானிய ஆய்வை ஒதுக்கிவிட்டு, மெட்ரோ ரயிலுக்கு ஆகும் செலவில் சிறு பகுதியைக் கொண்டு இதைச் செய்ததாகப் பெனலோசா பின்னாளில் உலகெங்கும் பேசினார்.

நூலகங்கள் பற்றி அவ்வளவு சத்தம் எழவில்லை, ஆனால் அந்த மூன்றாண்டுகளின் ஆகச் சிறந்த வேலை அவையாக இருக்கலாம். தின்தால் பகுதியில் குப்பை கையாளும் ஆலையாக இருந்த கட்டடத்தைக் கட்டடக் கலைஞர் தானியேல் பெர்முதெஸ் நூலகமாக மாற்றினார். ஏழைகள் மிகுந்த தெற்கில் துனால் நூலகம். நகரின் நடுவே, ரோகேலியோ சால்மோனா செங்கல்லில் வளைத்துக் கட்டிய விர்கிலியோ பார்கோ நூலகம் 2001-இல் திறந்தது. குப்பை ஆலை இருந்த புறநகர்ச் சிறுவனுக்கும் நகரின் தலைசிறந்த கட்டடக் கலைஞர்களின் வேலை கிடைக்க வேண்டும் என்பது வாக்குறுதி அட்டையில் ஒரு வரியில் அடங்காத விஷயம். மிதிவண்டிப் பாதைகளும் அப்போதுதான் வலைப்பின்னலாக விரிந்தன. 300 கிலோமீட்டரை எட்டும் அந்த வேலையை அடுத்து மீண்டும் மேயரான மோக்குஸ் தொடர்ந்து முடித்தார். போசா, கென்னடி பகுதிகளின் ஊடாகப் பல கிலோமீட்டர் நீளும் ‘எல் போர்வெனிர்’ பாதை, கார் சாலை இன்னும் மண்ணாகவே கிடந்த இடங்களில் நடப்பவருக்கும் மிதிவண்டிக்கும் முதலில் தளம் போட்டது.

மனைத் தரகர்களோடு போட்டிபோட 1998-இல் ‘மெட்ரோவிவியேந்தா’ என்ற நகராட்சி நிறுவனம் உருவானது. தரகருக்கு முன்னால் நிலத்தை வாங்கி, சாலை, குடிநீர், பள்ளி, பூங்கா ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கி, பிறகு வீடு கட்டுவோருக்கு விற்பது அதன் வேலை. போசாவின் எல் ரெக்ரேயோ இதன் முதல் பெரிய குடியிருப்பு. நோக்கம் சரி, அளவு சிறிது. ஆண்டுதோறும் நகருக்கு வந்து குவிந்த குடும்பங்களின் எண்ணிக்கைக்கு முன்னால் அது கட்டிய வீடுகள் போதவில்லை.

யாருடைய வாழ்க்கைத் தரம்

பொதுவெளியை மீட்பது என்றால், அங்கே ஏற்கெனவே இருப்பவரை அப்புறப்படுத்துவது. நகர மையத்தின் சான் விக்டோரினோ சதுக்கத்திலிருந்து நடைபாதை வியாபாரிகள் நீக்கப்பட்டார்கள். குடியரசுத் தலைவர் மாளிகைக்குச் சில தெருக்கள் தள்ளி, போதைப்பொருளுக்கும் வறுமைக்கும் பேர்போன எல் கார்துச்சோ இடிக்கப்பட்டு, அங்கே மூன்றாம் ஆயிரமாண்டுப் பூங்கா எழுந்தது. அங்கே கிடந்தவர்களில் பெரும்பாலோர் மறையவில்லை. அருகில் இன்னொரு தெருவுக்கு நகர்ந்தார்கள். ‘பிராங்ஸ்’ என்று பெயர் பெற்ற அந்த இடத்தையும் 2016-இல், தம் இரண்டாம் ஆட்சியில், பெனலோசாவே காவல்துறையை அனுப்பி அகற்ற நேர்ந்தது. முதல் முறை செய்ததன் குறை இதைவிடத் தெளிவாகத் தெரிய வழியில்லை.

தெருவோர வியாபாரிகளின் வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. பொதுவெளியைக் காப்பது அரசின் கடமை என்றாலும், அங்கே பிழைப்பவருக்கு மாற்று வழி காட்டாமல் பொருளைப் பறிமுதல் செய்து விரட்டக் கூடாது என்று 2003-இல் நீதிமன்றம் சொன்னது. மேல்தட்டையும் பெனலோசா விட்டுவைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வடக்கே பணக்காரர்களின் கன்ட்ரி கிளப் போலோ மைதானத்தைப் பொதுப் பூங்காவுக்காகக் கையகப்படுத்த முயன்றார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 

மக்களுக்காகத் திட்டமிட்டவர் மக்களோடு உட்கார்ந்து திட்டமிட்டாரா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இல்லை என்பதே. அவர் நிபுணர். சரியான விடை தமக்குத் தெரியும் என்று நம்பியவர். அந்த விடைகள் பல நேரம் சரியாகவும் இருந்தன. ஆனால் தேர்தல் களத்தில், கேட்கப்படாதவர்களின் மனக்கசப்புச் சேர்ந்துகொண்டே போகும்.

மெட்ரோவிடம் தோற்ற பேருந்து

பதவி முடிந்ததும் பெனலோசா உலகப் புகழ் பெற்றார். நகரத் திட்ட மாநாடுகள் அவரை வரிசைகட்டி அழைத்தன. ஐடிடிபி என்னும் பன்னாட்டுப் போக்குவரத்து அமைப்பின் குழுத் தலைவராகவும் இருந்தார். அதன் இந்தியப் பிரிவுதான் சென்னை மாநகராட்சியின் 2014-ஆம் ஆண்டு நடைபாதை, மிதிவண்டிக் கொள்கைக்குத் துணை நின்றது. பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதைக்குப் பின்னாலும் பொகோட்டாவின் நிழல் உண்டு.

உள்ளூரில் நிலைமை வேறு. 2003-இல் தொழிற்சங்கத் தலைவர் லூயிஸ் எதுவார்தோ கார்சோன் பசியற்ற பொகோட்டா என்ற வாக்குறுதியோடு மேயரானார். சமூக உணவுக்கூடங்கள் அவர் ஆட்சியின் அடையாளம். வாழ்க்கைத் தரம் என்பது நடைபாதையிலிருந்தா, சோற்றுத் தட்டிலிருந்தா தொடங்குகிறது என்ற கேள்வியை அந்தத் தேர்தல் எழுப்பியது. 2007-இல் பெனலோசா மீண்டும் நின்றபோது டிரான்ஸ்மிலேனியோ தன் வெற்றியாலேயே திணறிக்கொண்டிருந்தது. நிறுத்தங்களில் நெரிசல், ஏறவே முடியாத வண்டிகள், உடைந்த கான்கிரீட் பலகைகள். எதிரணியின் சாமுவேல் மொரேனோ ஒரே சொல்லைக் கையில் வைத்திருந்தார்: மெட்ரோ. பெனலோசா புள்ளிவிவரங்களோடு வாதாடினார். அதே பணத்தில் பல மடங்கு நீளத்துக்குப் பேருந்துத் தடம் போடலாம் என்றார். கணக்கு அவர் பக்கம். ஆனால் கூட்டத்தில் கால் நசுங்க நின்று பயணம் செய்கிறவருக்குப் பேருந்து என்பது ஏழைக்கென ஒதுக்கியது, ரயில் என்பது பெருநகரத்துக்குரிய கௌரவம். மொரேனோ சுமார் 44 சதவீத வாக்குகள் பெற்றார், பெனலோசா 28.

மொரேனோ ஆட்சியில் மெட்ரோ வரவில்லை. வந்தது ஒப்பந்த ஊழல். சாலை, பேருந்துத் தட ஒப்பந்தங்களில் கமிஷன் சுற்றிவந்த விதத்தைப் பார்த்துப் பத்திரிகைகள் அதற்கு ‘ஒப்பந்த ராட்டினம்’ என்று பெயர் வைத்தன. 2011-இல் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டு, அதே ஆண்டு கைதாகி, பிறகு தண்டனையும் பெற்றார் மொரேனோ.

அந்த ஊழலை அம்பலப்படுத்தியவர்களில் ஒருவர் குஸ்தாவோ பெட்ரோ. 2011 தேர்தலில் அவர் வென்றார். பெனலோசா அப்போது பசுமைக் கட்சியின் வேட்பாளர். முன்னாள் குடியரசுத் தலைவர் அல்வாரோ உரிபேயின் ஆதரவை அவர் ஏற்றுக்கொண்டதால் மோக்குஸ் கட்சியை விட்டே விலகினார். நகரத்தை மாற்றிய இருவர் இப்படிப் பிரிந்தது நடுநிலை வாக்காளர்களைக் குழப்பியது. பெட்ரோவுக்கு 32 சதவீதம், பெனலோசாவுக்கு 25. இரண்டாம் சுற்று அப்போது கிடையாது. மூன்றில் ஒருவரின் ஆதரவே நகரத்தை ஆளப் போதும்.

2014-இல் பெனலோசா குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நின்று பார்த்தார். எட்டு சதவீதம் கிடைத்தது. போர், கிளர்ச்சியாளர்களோடு சமாதானம், வேலை என்று பேசும் தேசியக் களத்தில் நடைபாதை எடுபடவில்லை.

மீண்டும் வென்ற பின்

2015-இல் காற்று அவர் பக்கம் திரும்பியது. குப்பை அள்ளுவதைத் தனியாரிடமிருந்து நகராட்சிக்கு மாற்றும் முயற்சியில் 2012 டிசம்பரில் தெருக்கள் நாறியது, பெட்ரோ பதவிநீக்கம் செய்யப்பட்டு மறுபடி அமர்த்தப்பட்ட குழப்பம், பாதுகாப்பின்மை ஆகியவற்றால் நகரம் சோர்ந்திருந்தது. ‘பொகோட்டாவை மீட்போம்’ என்று கேட்ட பெனலோசாவுக்கு 33 சதவீதம் வாக்கு. முதல் முறை புதியதொன்றைத் தருவதாகச் சொல்லி வென்றவர், இம்முறை பழையதை மீட்டுத் தருவதாகச் சொல்லி வென்றார்.

இரண்டாம் ஆட்சி முதல் ஆட்சியின் நகலாக அமையவில்லை. பெட்ரோ தயாரித்திருந்த நிலத்தடி மெட்ரோ வரைபடத்தை விலக்கி, தூண்கள் மேல் ஓடும் ரயிலாக மாற்றினார். நேரம் வீணானது என்று எதிரணி குற்றம்சாட்டியது. பணம் மிச்சம் என்று அவர் பதிலளித்தார். வடக்கே 1,395 ஹெக்டேர் பரப்புள்ள தாமஸ் வான் தெர் ஹாம்மன் காப்புப் பகுதியில் குடியிருப்பு அமைக்க அவர் விரும்பியது சூழலியலாளர்களைக் கொதிக்க வைத்தது. அது பெரும்பாலும் மாட்டு மேய்ச்சல் நிலம்தானே என்பது அவர் வாதம். கிழக்கு மலைகளையும் மேற்கே ஆற்றையும் இணைக்கும் கடைசிப் பசுமைப் பட்டை என்பது அவர்கள் வாதம். ஒரு காலத்தில் பூங்காவுக்காகக் கோடீஸ்வரர்களோடு மோதியவர், இப்போது காட்டைக் கட்டடக்காரருக்குத் தருகிறவர் என்று தூற்றப்பட்டார். ஏழாம் நெடுஞ்சாலையில் டிரான்ஸ்மிலேனியோ ஓட்டும் திட்டம் அப்பகுதிக் குடியிருப்போரின் எதிர்ப்பிலும் வழக்கிலும் நின்றுபோயிற்று.

2017-இல் மறுபடியும் திரும்ப அழைக்கும் இயக்கம். மேயர் பெற்ற வாக்கில் 30 சதவீதத்துக்குச் சமமான கையெழுத்து, அதாவது சுமார் 2.7 லட்சம், போதும். அதைத் தாண்டி நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவை செல்லுபடியாகும் என்று அதிகாரிகள் உறுதிசெய்தார்கள். ஆனால் இயக்கத்தின் செலவுக் கணக்கு குறித்த கேள்விகளில் தேர்தல் ஆணையத்திடம் அது சிக்கிக்கொண்டது. வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. நகரத்தின் புதிய நிலப் பயன்பாட்டுத் திட்டத்தையும் 2019-இல் நகர மன்றக் குழு நிராகரித்தது. அதே ஆண்டு அக்டோபரில், தேர்தலுக்குச் சில நாள் முன்பு, சீன நிறுவனக் கூட்டணிக்கு மெட்ரோ முதல் வழித்தட ஒப்பந்தம் வழங்கப்பட்டது. ஏறத்தாழ 24 கிலோமீட்டர், 16 நிலையங்கள். 2007-இல் எந்தச் சொல்லிடம் தோற்றாரோ அந்த மெட்ரோவுக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தவரும் அவரே.

2019-இல் வென்ற கிளாவுதியா லோபெஸ், மக்கள் தேர்ந்தெடுத்த முதல் பெண் மேயர். மெட்ரோ ஒப்பந்தத்தை அவர் கைவிடவில்லை. ஏழாம் நெடுஞ்சாலைத் திட்டத்தை மாற்றி எழுதினார். வாழ்க்கைத் தரம் என்பதன் பொருளையும் அவர் ஆட்சி இடம் மாற்றியது. வீட்டில் குழந்தை, முதியோர், நோயாளியைக் கவனித்தே நாள் கழியும் பெண்களுக்காக ‘பராமரிப்பு வட்டங்கள்’ அமைந்தன. அங்கே பெண்கள் படிப்பை முடிக்கலாம், சட்ட உதவி பெறலாம், இலவசமாகத் துணி துவைக்கலாம், ஓய்வெடுக்கலாம். அந்த நேரத்தில் பிள்ளைகளையும் முதியவர்களையும் அங்குள்ள பணியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். முதல் வட்டம் 2020-இல் சியுதாத் பொலிவாரில் தொடங்கியது. அந்த ஆட்சி முடிவதற்குள் இருபதைத் தாண்டிவிட்டது. நகர மன்றம் உரிய காலத்தில் முடிவெடுக்காததால் 2021 டிசம்பரில் ஆணை மூலம் லோபெஸ் வெளியிட்ட நிலப் பயன்பாட்டுத் திட்டம், நகரத்தை 33 திட்டப் பகுதிகளாகப் பிரித்து, அன்றாடத் தேவைகள் வீட்டருகே கிடைக்க வேண்டும் என்பதை இலக்காக வைத்தது. அதற்கெதிரான வழக்குகளும் உடனே தொடங்கின.

2023 தேர்தலிலிருந்து பொகோட்டாவுக்கு இரண்டாம் சுற்று உண்டு. 40 சதவீத வாக்கும் அடுத்தவரைவிடப் பத்து சதவீதப் புள்ளி முன்னிலையும் இல்லாதவர் நேரடியாக மேயராக முடியாது. அந்த ஆண்டு கார்லோஸ் பெர்னாந்தோ காலான் பாதியை நெருங்கும் வாக்குகளோடு முதல் சுற்றிலேயே வென்றார். பிரசாரத்தில் முன்னால் நின்ற பிரச்சினை தெருக் குற்றம். மெட்ரோ வேலை அப்போது கராக்காஸ் அவென்யூவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. 2000-இல் முதல் டிரான்ஸ்மிலேனியோ வண்டிகள் ஓடிய அதே சாலையில், ரயில் வேலைக்காகப் பேருந்து நிறுத்தங்கள் சில இடம் மாற்றப்பட்டன.